ஒரு ஏரியில் ஜெல்லி, இன்னொன்றில் பச்சை: பாறை காரணமா, பண்ணை காரணமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாசிப்பவர்களுக்காக. டொரண்டோவில் இருக்கும் ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு சின்ன ஏரிக்கரையில் காட்டேஜ் எடுத்துத் தங்கியிருக்கிறது. தண்ணீர் அடிவரை தெரிகிற தெளிவு. ஆனால் நீந்தும்போது ஜவ்வரிசி மாதிரி வழவழப்பான மணிகள் உடம்பில் உரசுகின்றன, ஏரியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் பைப்பின் வடிகட்டி அதனாலேயே அடைத்துக்கொள்கிறது. அப்புறம் இரண்டு வாரம் கழித்து சிம்கோ ஏரிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஜெல்லி கிடையாது, ஒதுக்கமான ஒரு குடாவில் பச்சை மிதப்பு. நூறு கிலோமீட்டர் இடைவெளியில் ஏன் இத்தனை வித்தியாசம்? நண்பர் ஒருவர் அடியில் இருக்கும் பாறைதான் காரணம் என்கிறார், இன்னொருவர் பண்ணை உரம் என்கிறார். யார் சொல்வது சரி, இதில் குளிக்கலாமா, இதுதான் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் இரண்டு பேரும் இதைக் கூட்டல் கணக்காக நினைக்கிறார்கள், பாறை கொஞ்சம், பண்ணை கொஞ்சம் என்று. உண்மையில் இது பெருக்கல் கணக்கு. நிலத்தில் மனிதன் செய்கிற எந்தக் காரியமும் அடியிலிருக்கும் பாறை வழியாகத்தான் ஏரிக்குப் போய்ச் சேருகிறது. அதனால் ஒரே காரியத்தைக் கருங்கல் நாட்டில் செய்தால் ஒரு விளைவு, சுண்ணாம்புக்கல் நாட்டில் செய்தால் வேறு விளைவு, சில சமயம் நேர் எதிர் விளைவு.

முதலில் அந்தப் பாறைகளைப் பார்த்துவிடுவோம். டொரண்டோவிலிருந்து 400, 11 என்று நெடுஞ்சாலைகளில் வடக்கே போகும்போது, ஒரில்லியா தாண்டி செவர்ன் பிரிட்ஜ் வந்ததும் நிலக்காட்சி சட்டென்று மாறும். அதுவரை சமமான வயல், பண்ணைக் களஞ்சியம், மண் மேடு. அதற்கப்புறம் சாலைக்காக வெட்டிய இளஞ்சிவப்பும் சாம்பலும் கோடு கோடாக ஓடும் பாறைச் சுவர்கள், பைன் மரங்கள், திரும்பின பக்கமெல்லாம் ஏரி. நீங்கள் தாண்டியது கனடியன் ஷீல்டு என்கிற பழங்காலக் கடினப் பாறைப் பரப்பின் தெற்கு விளிம்பு. வடக்கே இருப்பவை கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற கோடு போட்ட பாறையும், நான் கருங்கல் என்று சொல்வது இவற்றைத்தான், வயது சுமார் நூறு கோடி ஆண்டு அல்லது அதற்கும் மேல். தெற்கே இருப்பது பழைய கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், சுமார் 45 கோடி ஆண்டுப் பழசு. இந்த எல்லைக்கோடு காவார்த்தா ஏரிகளின் நடுவே ஓடுகிறது. ஸ்டோனி ஏரியில் வடகரை கருங்கல், தென்கரை சுண்ணாம்புக்கல். ஒரே படகுச் சவாரியில் இரண்டையும் தொட்டுவிடலாம். நீங்கள் தங்கிய ஹாலிபர்ட்டன் ஏரி கருங்கல் பக்கம், சிம்கோ சுண்ணாம்புக்கல் பக்கம்.

பனியாறுகள் இந்தப் பகுதியிலிருந்து பின்வாங்கிச் சுமார் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஷீல்டின் மேல் இருந்த மண்ணை அவை ஏறக்குறையச் சுரண்டி எடுத்துவிட்டன. மிஞ்சியது மெல்லிய, அமிலத்தன்மையான மண். தெற்கே மட்டும் சுண்ணாம்புத் துகள் கலந்த தடித்த மண் படிந்தது. இதன் விளைவு ஒன்று நம் கேள்விக்கு ரொம்ப முக்கியம், ஆனால் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை: நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதையே இங்கே பாறைதான் முடிவு செய்தது. 1868இல் ஒன்டாரியோ அரசு ஷீல்டின் மேல் இருக்கும் மஸ்கோகா பக்கம் இலவசமாக நிலம் கொடுத்துக் குடியேற்றப் பார்த்தது. வந்தவர்கள் மரத்தை வெட்டி, கல்லைப் பொறுக்கி அடுக்கி, நாலு போகம் பயிர் எடுப்பதற்குள் மண் ஓய்ந்துபோய், நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் அது மரம் வெட்டும் நாடாகி, பிறகு காட்டேஜ் நாடானது. சிம்கோவைச் சுற்றி மண் நன்றாக இருந்ததால் விவசாயம் நிலைத்தது. ஏரியின் தெற்கே இருந்த சதுப்பைக்கூட 1920களில் ஆரம்பித்து வடித்துக் காய்கறித் தோட்டமாக்கினார்கள், ஹாலண்ட் மார்ஷ் என்று பெயர், அங்கே விளையும் கேரட்டும் வெங்காயமும் டொரண்டோ கடைகளில் நீங்கள் வாங்கியிருப்பீர்கள். ஆக 'பாறையா பண்ணையா' என்று பிரித்துக் கேட்பதே கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் இரண்டும் ஜோடியாகவே நடமாடுகின்றன.

அதைப் பிரித்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வு இருக்கிறது, இதே தெற்கு ஒன்டாரியோவில்தான். 1975இல் டில்லனும் கிர்ச்னரும் முப்பதுக்கும் மேற்பட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓடை வழியாக, பாசிக்கு உரமாகிற பாஸ்பரஸ் எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்தார்கள். முழுக்கக் காடாக இருக்கும் கருங்கல் நிலத்தைவிட, அதேபோல் முழுக்கக் காடாக இருக்கும் படிவுப் பாறை (சுண்ணாம்புக்கல் மாதிரி) நிலம் இரண்டு மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் விடுகிறது. அங்கே ஒரு பண்ணையும் கிடையாது, உரமும் கிடையாது, வெறும் பாறை வித்தியாசம். சரி, அதே காட்டுக்கு நடுவே மேய்ச்சல் நிலம் வந்தால்? எந்தப் பாறையானாலும் அளவு மறுபடி இரண்டு மடங்கு ஆகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காடு மூடிய கருங்கல்லுக்கும் மாடு மேயும் படிவுப் பாறைக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து மடங்கு. பெருக்கல் என்று நான் சொன்னது இதைத்தான். உங்கள் இரண்டு ஏரிகளும் இந்தக் கணக்கின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருக்கின்றன.

பாஸ்பரஸுக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், நன்னீர் ஏரியில் பாசி எவ்வளவு வளரலாம் என்ற உச்சவரம்பைப் பெரும்பாலும் அதுதான் வைக்கிறது. இதை நிரூபித்ததும் ஷீல்டு ஏரிதான். வடமேற்கு ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே 1968இல் ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்று, எண் 226. பெயர்கூட வைக்கவில்லை, எண்தான். நடுவில் இடுப்பு மாதிரி குறுகலாக இருக்கும். 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழு அந்தக் குறுகலில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் கட்டி, ஒரு பாதிக்கு கார்பனும் நைட்ரஜனும் மட்டும், இன்னொரு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையாகிவிட்டது, மற்றது அப்படியே கருநீலமாக நின்றது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் ஏரியியல் படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். அந்தச் சமயத்தில் சோப்புத்தூள் தொழில் தரப்பில், பாசிக்குக் காரணம் கார்பன்தான், பாஸ்பரஸ் இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு திரை அந்த வாயை அடைத்தது.

ஆனால் பாஸ்பரஸ் சொல்வது எவ்வளவு பாசி என்பதை மட்டும்தான். எந்தப் பாசி, அதைத் தின்ன எந்தப் பிராணி என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. அங்கேதான் பாறை நேரடியாகக் கை வைக்கிறது, எனக்கும் அந்தப் பகுதிதான் சுவாரஸ்யம்.

பாசியிலிருந்து ஆரம்பிப்போம். சுண்ணாம்புக்கல் ஏரியில் தண்ணீர் கடினநீர், காரத்தன்மை கூடியது. அதில் கார்பன் ஏராளமாக இருந்தாலும் பெரும்பகுதி பைகார்பனேட்டாகத்தான் இருக்கும், கரைந்த கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம்தான். நீலப்பச்சைப் பாசிகளுக்கும், கண்ணாடி மாதிரி ஓடுள்ள நுண்பாசிகளான டயாட்டம்கள் நிறையவற்றுக்கும் பைகார்பனேட்டைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பாடு உண்டு. பொன்னிறப் பாசிகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, டைனோபிரியான், சைனூரா மாதிரி. அவற்றுக்கு அந்த ஏற்பாடு கிடையாது, வெறும் கார்பன் டை ஆக்சைடைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே அவை மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள, சத்துக் குறைந்த தண்ணீரில் ராஜா, கடினநீரில் ஒதுங்கிப்போகும். ஷீல்டு ஏரித் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது இவைதான். ஒன்றுக்குள் ஒன்று செருகிய கோப்பைகள் கிளை பிரிந்து நிற்பது டைனோபிரியான். சில ஆண்டுகளில் தெளிந்த ஏரித் தண்ணீரில் திடீரென்று மீன் வாடையோ வெள்ளரிக்காய் வாடையோ அடிக்கும். காட்டேஜ்காரர்கள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று தேடுவார்கள். அநேகமாக இந்தப் பொன்னிறப் பாசிகளின் வேலையாகத்தான் இருக்கும்.

சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்கிறது. கோடையில் தண்ணீர் சூடாகி, பாசிகள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி இழுக்க இழுக்க, கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைத் தூளாகப் பிரிந்து கீழே இறங்கும். இறங்கும்போது கொஞ்சம் பாஸ்பரஸையும் ஒட்டவைத்துக் கூட்டிக்கொண்டு போகும். அதனால் சுண்ணாம்பு ஏரி என்றாலே பச்சை என்று முடிவு கட்டக் கூடாது. சுற்றிலும் காடு கெடாமல் இருக்கும் சில சுண்ணாம்பு ஏரிகள் பால் கலந்த நீலத்தில் பளிச்சென்று இருக்கும். பாறை அங்கே ஒரு தடுப்பணை மாதிரி பாஸ்பரஸை ஓரளவு தாங்குகிறது. பண்ணையும் ஊரும் சேர்ந்து அந்தத் தடுப்பை மீறும் அளவுக்குக் கொட்டும்போதுதான் ஏரி பச்சையாகிறது.

இப்போது உங்கள் ஜெல்லிக்கு வருவோம், அது முழுக்க கால்சியம் கதை.

ஏரியில் பாசி தின்னும் பிராணிகளில் முக்கியமானது டாஃப்னியா, நீர்த்தெள்ளு என்றும் சொல்வார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், ஆனால் தண்ணீரை வடித்துப் பாசியை விழுங்குவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கண்ணாடிக் குடுவையில் ஏரித்தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தத்தித் தத்தி மேலே ஏறுகிற புள்ளிகள் தெரியுமே, அதுதான். அதன் ஓடு கால்சியத்தால் இறுகினது. வளர வளர ஓட்டை உரித்துப் போட்டுப் புது ஓடு கட்டவேண்டும், குஞ்சுப் பருவத்தில் அடிக்கடி. உரித்த ஓட்டோடு உடம்பிலிருந்த கால்சியத்தில் பெரும்பகுதி போய்விடும், புது ஓட்டுக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்துதான் இழுக்கவேண்டும். சிம்கோ மாதிரி சுண்ணாம்பு ஏரியில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஷீல்டு ஏரியில் கால்சியம் லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம்தான் பல இடங்களில். சிம்கோவில் அதைப்போல் பத்து இருபது மடங்கு. ஆய்வகத்தில் பார்த்ததில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் டாஃப்னியா பியூலெக்ஸ் என்ற இனம் திணற ஆரம்பிக்கிறது, முட்டை குறைகிறது, வளர்ச்சி தள்ளிப்போகிறது.

கருங்கல் ஏரியில் கால்சியம் எப்போதுமே குறைவுதானே, இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்கலாம். இங்கேதான் நிலத்தில் நாம் செய்ததும் காற்றில் விட்டதும் சேர்ந்துகொள்கின்றன. கிரானைட் கரைந்து கால்சியம் வருவது மிக மெதுவாக நடக்கிற வேலை. பனியாறு போனபிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்லிய மண்ணில் சேர்ந்த கால்சியம்தான் கையிருப்பு. அதன்மேல் இருபதாம் நூற்றாண்டு முழுக்க அமில மழை பெய்தது, சட்பரியின் உருக்காலைகளும் அமெரிக்காவின் நிலக்கரி மின்நிலையங்களும் உபயம். சட்பரியில் 1972இல் 381 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினார்கள். ஊருக்கு நிம்மதி, புகை தூரத்து ஏரிகளுக்குப் போனது. அமிலம் மண்ணிலிருந்த கால்சியத்தைக் கழுவி ஏரிக்குள் தள்ளியது, அதனால் கொஞ்ச காலம் ஏரியில் கால்சியம் கூடிக்கூட இருந்தது. மண்ணின் கையிருப்பு வற்றியபின், அமில மழையும் குறைந்தபின், ஏரிக்கு வருவது இறங்க ஆரம்பித்தது. அமில மழையைக் கட்டுப்படுத்தியது பெரிய வெற்றி, அதில் சந்தேகமில்லை, ஆனால் ஏரியின் அமிலத்தன்மை சீரான அதே காலத்தில் கால்சியம் கீழே போய்க்கொண்டிருந்தது.

மரம் வெட்டியதும் இதில் சேர்த்தி. மரம் தன் கட்டையிலும் பட்டையிலும் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும். அது காட்டிலேயே விழுந்து மக்கினால் மண்ணுக்குத் திரும்பும். அறுத்து லாரியில் ஏற்றினால் போனது போனதுதான், அப்புறம் திரும்ப வளரும் இளங்காடு மிச்ச மண்ணிலிருந்து மறுபடி உறிஞ்சும். சுண்ணாம்புக்கல் நாட்டில் இந்த இழப்பை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், அடியில் மலைமலையாக இருக்கிறது. அமில மழையும் அங்கே பெய்ததுதான், ஆனால் சுண்ணாம்பு அதை விழுங்கிவிட்டது. ஒரே மழை, ஒரே கோடாலி, பாறை மட்டும்தான் வேறு.

2008இல் கிங்ஸ்டனில் இருக்கும் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசியோர்ஸ்கியும் ஸ்மோலும் யார்க் பல்கலைக்கழகத்தின் நார்மன் யானும் மற்றவர்களும் சேர்ந்து இதை வெளியிட்டார்கள். அளந்து பார்த்த ஒன்டாரியோ ஏரிகள் 770. அவற்றில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அந்த 1.5 கோட்டுக்குக் கீழே. ஏரி அடிச்சேற்றைக் குழாயில் உருவி எடுத்து அடுக்கடுக்காகப் பார்த்தபோது, ஹாலிபர்ட்டன் பக்கத்து பிளாஸ்டிக் ஏரி மாதிரி இடங்களில் டாஃப்னியாவின் ஓட்டுத் துண்டுகள் மேல் அடுக்குகளில் அருகிப்போயிருந்தன. (பெயரைப் பார்த்துக் குப்பை ஏரி என்று நினைக்கவேண்டாம், காடு சூழ்ந்த சின்ன ஏரி அது.)

டாஃப்னியா விட்ட இடத்தைப் பிடித்ததுதான் உங்கள் உடம்பில் உரசிய ஆசாமி, ஹோலோபீடியம். இதுவும் டாஃப்னியாவுக்கு ஒருவகையில் உறவு. கனமான ஓடு கட்டுவதில்லை, பதிலாகத் தன்னைச் சுற்றி ஒரு ஜெல்லி உருண்டையைச் சுரந்துகொண்டு அதற்குள் மல்லாக்கப் படுத்து நீந்துகிறது. கால்சியத் தேவை டாஃப்னியாவினுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவே. குடுவையில் பிடித்தால் ஜெல்லி கண்ணுக்கே தெரியாது, தண்ணீரைப் போலவே அத்தனை தெளிவு. ஆனால் புள்ளிப் புள்ளியான உடல்கள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே யாரோ இடம் விட்டு வைத்தமாதிரி விலகி விலகி நிற்கும். சல்லடையில் கொட்டினால்தான் குழகுழவென்று ஜெல்லி குவியும். ஒன்டாரியோவில் 1980களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளில் இதன் எண்ணிக்கை சராசரியாக இரட்டித்ததாக 2015இல் அதே குழு காட்டியது.

கால்சியம் மட்டுமே போட்டியைத் தீர்க்கவில்லை, எதிரிகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கேயோபோரஸ் என்று கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஒரு பூச்சிப் புழு இருக்கிறது, அதற்கு டாஃப்னியா குஞ்சு என்றால் உயிர். புழுவின் வாடை தண்ணீரில் இருந்தால் டாஃப்னியா குஞ்சுகள் கழுத்துப் பக்கம் முள் மாதிரி பற்களை வளர்த்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். கால்சியம் குறைந்த தண்ணீரில் அந்தக் கவசம் சரியாக வளர்வதில்லை என்று 2012இல் கண்டார்கள். ஹோலோபீடியத்துக்கோ ஜெல்லியே கவசம், சின்னப் புழுவின் வாய்க்குள் அடங்காது. எனவே ஒரு பக்கம் பட்டினி, இன்னொரு பக்கம் வேட்டை, இரண்டுக்கும் நடுவில் டாஃப்னியா சிக்கிக்கொண்டது. அது போனால் மீன் குஞ்சுகளுக்குக் கிடைப்பது சத்துக் குறைவான ஜெல்லி உருண்டை. பாஸ்பரஸும் டாஃப்னியா உடம்பில் இருக்கிற அளவுக்கு இதில் கிடையாது. காட்டேஜ்காரரின் வடிகட்டி அடைப்பு இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

அப்புறம் உப்பு. குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்கக் கொட்டும் உப்பு வசந்தத்தில் ஏரிக்குள் வந்துவிடுகிறது. கனடாவின் நீண்டகால வழிகாட்டு வரம்பு குளோரைடுக்கு லிட்டருக்கு 120 மில்லிகிராம். ஆனால் குவீன்ஸில் ஷெல்லி ஆர்னாட் குழு 2020இல் மென்னீரில் வளர்த்துப் பார்த்தபோது, அந்த வரம்புக்கு எவ்வளவோ கீழே, ஐந்திலிருந்து நாற்பது மில்லிகிராமுக்குள்ளாகவே டாஃப்னியாக்கள் பாதிக்கப்பட்டன. கடினநீரில் கால்சியம் உப்பின் விஷத்தைக் கொஞ்சம் தணிக்கும், மென்னீரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. டொரண்டோவுக்குப் பக்கத்து ஏரியை மனதில் வைத்துப் போடும் ஒரே வரம்பு மஸ்கோகாவுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. வேடிக்கை என்னவென்றால், தார் போடாத காட்டுச் சாலைகளில் புழுதி அடங்கக் கால்சியம் குளோரைடு தெளிப்பார்கள். அந்தச் சாலையோரத்து ஏரிகள் சிலவற்றில் கால்சியம் மற்ற இடங்களைப் போல் இறங்கவில்லை. யாரும் திட்டமிடாத மருத்துவம்.

சுண்ணாம்பு பக்கத்துக்கு மட்டுமே வந்த தொல்லையும் உண்டு. வரிச் சிப்பி என்று சொல்லக்கூடிய ஸீப்ரா மஸல், 1990களில் சிம்கோவில் பரவியது. ஓடு கட்டுகிற பிராணி, கால்சியம் லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக நிலைக்காது. அதனால் ஷீல்டு ஏரிகள் தப்பித்தன, படகில் ஒட்டிக்கொண்டு எத்தனை தடவை வந்தாலும். சிம்கோவில் அது தண்ணீரை வடித்து வடித்துத் தெளிவாக்கியது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது, ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி நஞ்சுள்ள நீலப்பச்சைப் பாசிக் கட்டிகளை அந்தச் சிப்பி பல சமயம் வேண்டாமென்று துப்பிவிட்டு மற்றதைத் தின்னும். தெளிந்த நீரும் ஒதுக்கமான குடாவில் பச்சை மிதப்பும் ஒரே ஏரியில் இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதெல்லாம் தொழிற்சாலைக் காலத்துச் சமாசாரம் என்று நினைத்தால், மில்டன் பக்கத்தில் இருக்கும் கிராஃபர்ட் ஏரிக்கு ஒருமுறை போய்வாருங்கள். டொரண்டோவிலிருந்து ஒரு மணி நேரம்தான். நயாகரா செங்குத்துப் பாறைமேட்டின் சுண்ணாம்பு வகைக் கல்லில் உட்கார்ந்த குட்டி ஏரி, இரண்டரை ஹெக்டேர்கூட வராது, ஆனால் ஆழம் இருபது மீட்டருக்கு மேல். அத்தனை ஆழமாகவும் குறுகலாகவும் இருப்பதால் அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலப்பதே இல்லை. ஒவ்வொரு கோடையிலும் நான் மேலே சொன்ன வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் ஒரு வரியாகப் படியும், அதன்மேல் கறுப்பு வரி. கலைக்க ஆளில்லாததால் வருடம் வருடமாக எண்ணலாம். 1970களில் அந்தச் சேற்றில் மக்காச்சோள மகரந்தம் கிடைத்தது. காட்டுக்கு நடுவே சோளம் எப்படி என்று தேடப்போய், பக்கத்திலேயே இரோக்குவா மொழிக் குடும்பத்து மக்களின் நீள்வீட்டுக் கிராமம் ஒன்று வெளிவந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டுவரை அவர்கள் அங்கே சோளம் பயிரிட்டிருக்கிறார்கள். அந்த வரிகளில் டயாட்டம் கூட்டம் மாறுகிறது, சத்து கூடிய தண்ணீரை விரும்பும் வகைகள் ஏறுகின்றன. வழக்கமாக மக்கிப்போய்விடும் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்ப்பிராணியின் ஓடுகள்கூட அங்கே கெடாமல் கிடைத்தன. ஏர் கிடையாது, ரசாயன உரம் கிடையாது, சில நூறு பேர். ஏரி சின்னது என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. அவர்கள் போனபிறகும் டயாட்டம்கள் பழைய நிலைக்கு முழுசாகத் திரும்பவில்லை, அதுதான் எனக்கு இதில் பெரிய செய்தி. மனிதன் பூமியை மாற்றத் தொடங்கிய காலத்தைத் தனி நிலவியல் யுகமாக அறிவிக்க, அதற்கு அடையாளக் குறியாக 2023இல் இந்த ஏரிச் சேற்றைத்தான் முன்மொழிந்தார்கள், 2024இல் நிலவியல் குழு அதை ஏற்கவில்லை. அது வேறு சண்டை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாறையும் நிலமும் தெரிந்தால் ஏரியைச் சொல்லிவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆழம், தண்ணீர் ஏரியில் எத்தனை காலம் தங்குகிறது, மேலே சதுப்பு இருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வருகிறதா, என்ன மீன் இருக்கிறது, எல்லாம் கணக்கில் உண்டு. மஸ்கோகாவின் ஹார்ப் ஏரியில் 1993இல் முள்வால் நீர்த்தெள்ளு என்ற வெளியூர் வேட்டைக்காரன் வந்து இறங்கியது; அதற்கப்புறம் அங்கே விலங்கு மிதவைகளில் (டாஃப்னியா மாதிரி நீரில் மிதக்கும் நுண்பிராணிகளில்) நடந்த மாற்றத்துக்குக் கால்சியத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சத்துக் குறைந்த ஷீல்டு ஏரிகளிலும் இப்போது நீலப்பச்சைப் பாசி எட்டிப் பார்க்கிறது, நீண்ட சூடான கோடையும் அதில் ஒரு கை.

சரிசெய்ய முடியுமா என்றால், எதைக் கெடுத்தோம் என்பதைப் பொறுத்தது. பாஸ்பரஸ் கழிவுநீர்க் குழாய் வழியாக வருகிறது என்றால் குழாயிலேயே பிடிக்கலாம். மஸ்கோகா ஏரியின் கிரேவன்ஹர்ஸ்ட் குடா ஊர்க் கழிவால் பச்சையாகிக் கிடந்தது, 1970களின் தொடக்கத்தில் சுத்திகரிப்பு நிலையத்தில் பாஸ்பரஸை நீக்க ஆரம்பித்தபின் தெளிந்தது. வயல்வெளியெங்கும் பரவிய பாஸ்பரஸை அப்படிப் பிடிக்க முடியாது, சிம்கோவில் இழுத்துக்கொண்டே போவது அதனால்தான். கால்சியம் இன்னும் மெதுவான வேலை. நியூ ஹாம்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1999இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கக் கால்சியம் சிலிகேட்டை ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள், மேப்பிள் மரங்கள் தேறின. மஸ்கோகாவில் ஆட்கள் வீட்டு விறகடுப்புச் சாம்பலைச் சேகரித்துக் காட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். மரம் கொண்டுபோன கால்சியம் சாம்பலில் அப்படியே இருக்கிறது, எனவே யோசனை சரியானதுதான். ஏரி வரை வந்துசேர எத்தனை காலம் என்பதுதான் விஷயம், மண் முதலில் தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும்.

குளிப்பது பற்றி. ஜெல்லி மணிகளால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, கடிக்காது, நஞ்சும் இல்லை, அருவருப்பு மட்டும்தான். குளித்துவிட்டுத் துடைத்தால் போயிற்று. காட்டேஜ்காரரை வடிகட்டியை அடிக்கடி அலசச் சொல்லுங்கள், உறிஞ்சும் குழாயின் வாயை வேறு ஆழத்துக்கு மாற்றிப் பார்ப்பதும் சில ஏரிகளில் உதவும். பச்சை மிதப்பு வேறு விஷயம். பெயின்ட் கொட்டியமாதிரி பரவியோ, பட்டாணிச் சாறு நிறத்தில் கலங்கியோ இருந்தால் நீலப்பச்சைப் பாசி என்றே வைத்துக்கொண்டு தள்ளி இருங்கள். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, அதனால் அந்தத் தண்ணீரில் சமையலும் வேண்டாம். பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவிடலாம், சொன்னால் கேட்பார்கள். கூட நாய் வந்திருந்தால் அதைத்தான் முதலில் பிடித்துக் கட்டவேண்டும், உள்ளே குதித்துவிட்டு வந்து உடம்பு ரோமத்தையெல்லாம் நக்கும்.